இடது ஓரக்காரரின் பொன்

கராஜ் கதவைப் பாதிக்கு உயர்த்தி வைத்திருந்தார்கள். அதன் கீழால் வந்த குளிர்காற்று குத்துவிளக்குத் திரியை ஆட்டிக்கொண்டே இருந்தது. புல் வெட்டும் இயந்திரத்தை மூலைக்குத் தள்ளி, பழைய படுக்கை விரிப்பு ஒன்றைப் போட்டு மறைத்திருந்தோம். நிறைகுடத்துக்குப் பக்கத்தில் சாம்பிராணி புகைந்தது. ஆனாலும் எஞ்சின் எண்ணெய் மணம் போகவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்குள்தான் செய்வதாக இருந்தது. சாம்பிராணி போட்டதுதான் தாமதம், கூரையில் இருந்த புகை மணி கத்தத் தொடங்கிவிட்டது. அதை நிறுத்துவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயோடு வந்துவிட்டார். ஆகையால் மஞ்சள் பிள்ளையார் உட்பட எல்லோரும் கராஜுக்குக் குடிபெயர்ந்தோம்.

நகை செய்கிற பத்தர் சின்ன மண் குவளையைக் கல்லின் மேல் வைத்தார். காஸ் அடுப்பின் குழாயைச் சரிபார்த்தார். பிறகு, "பொன்னைக் கொண்டு வாங்கோ" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மம்மா ஐரீன் தாம்பாளத்தோடு முன்னால் வந்து, அதை மூடியிருந்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார்.

வெற்றிலையின் மேல் பவுன் காசு இல்லை. ஒரு பதக்கம் இருந்தது.

என் தங்கை பவானியின் கை தன் கைப்பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

சென்ற வாரப் பத்தியில், நான் பனியில் வழுக்கி விழுந்து படுத்துக் கிடந்ததை எழுதியிருந்தேன். படித்தவர்கள் நலம் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இப்போது நன்றாக நடக்கிறேன். மறுபடியும் என்னைப் பற்றியே எழுதக் கூச்சமாக இருக்கிறது. இந்த வாரம் இன்னொருவருடைய அப்பாவைப் பற்றி எழுதுகிறேன். அவரை நான் பார்த்ததில்லை. நான் யாழ்ப்பாணத்தில் சின்னப் பெண்ணாகச் சட்டை போட்டுத் திரிந்த காலத்தில் அவர் இங்கே நியூ ஜெர்சியில் செத்துப்போனார்.

சொல்லாமல் விட்டது

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பொன்னுருக்கு என்று ஒன்று நடக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தாலிக்கு வேண்டிய பொன்னை மாப்பிள்ளை வீடு கொடுக்க வேண்டும். நல்ல நேரம் பார்த்து, மாப்பிள்ளை வீட்டிலேயே, எல்லோருக்கும் முன்னால் பத்தர் அதை உருக்குவார். பெண் அங்கே போகக் கூடாது. அதற்குப் பிறகு மணவறையில்தான் இருவரும் முகம் பார்க்க வேண்டும்.

பெண் துளசி, பவானியின் ஒரே மகள். நான் அவளுக்குப் பெரியம்மா. பிளெய்ன்ஸ்பரோவில் அவர்களோடுதான் இருக்கிறேன். மாப்பிள்ளை டேனியல் வெள்ளைக்காரப் பிள்ளை. சின்ன வயதிலேயே தாயைப் பறிகொடுத்தவர். ஐரீன்தான் வளர்த்தார். ஆகவே மாப்பிள்ளை வீடு என்றால் ஐரீனின் வீடு.

அந்த வயதான மனுஷியிடம் போய்ப் பொன் கேட்க முடியுமா? பவானியும் அவள் கணவர் தில்லைநாதனும் எடிசனில் ஒரு நகைக்கடைக்குப் போய்த் தாங்களே ஒரு பவுன் காசு வாங்கிவிட்டார்கள். ஐரீனின் கையால் தாம்பாளத்தில் வைத்தால் போதும் என்று எண்ணம். ஆனால் 'உங்களுக்காக நாங்களே வாங்கிவிட்டோம்' என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு வாய் திறந்து சொல்வது எப்படி? அது அவமரியாதை அல்லவா?

ஆகையால் பவானி வழக்கத்தை மட்டும் அழகாக விளக்கினாள். பொன் உங்கள் வீட்டிலிருந்து வரும், பத்தர் உருக்குவார், அவ்வளவுதான் ஆன்ரி என்றாள். காசு கைப்பைக்குள் இருந்தது. கடைசி நேரத்தில் கண் ஜாடையில் கொடுத்துவிடலாம் என்று இருந்தாள்.

பாதியைச் சொல்லி மீதியை விளங்கிக்கொள்ள விடுவது எங்கள் ஆட்களின் பழக்கம். ஐரீன் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறவர். தன் வீட்டில் பொன் என்று என்ன இருக்கிறது என்று தேடியிருக்கிறார். கிடைத்தது அப்பாவின் பதக்கம்.

உதட்டால் பேசுகிறவர்

ஐரீனின் வீடு வடக்கே, ஆற்றங்கரையில், முன்பு நூல் ஆலை இருந்த ஊரில் இருக்கிறது. கல்யாணம் நிச்சயமான பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் துளசி என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போவாள். அவளும் டேனியலும் மண்டபம் பார்க்க, கேக் ருசி பார்க்க என்று புறப்பட்டுவிடுவார்கள். நானும் ஐரீனும் சமையலறையில் தனியே இருப்போம்.

முதல் நாள் எனக்கு வியர்த்துக் கொட்டியது. என் ஆங்கிலம் 'தாங்யூ' வரைக்கும்தான் போகும். அதற்கு மேல் போனால் வீடு திரும்பத் தெரியாது.

ஐரீன் ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணி போட்டார். அமெரிக்காவில் வெளி வீடுகளில் வெந்நீரும் ஒரு நூல் கட்டிய பொட்டலமும்தான் தருவார்கள். ஐரீன் கேத்திலில் இலை போட்டு, கறுக்க விட்டு, பாலும் சீனியும் போட்டுக் கொடுத்தார். குடித்ததும் எனக்குப் பயம் பாதி போய்விட்டது.

மீதிப் பயம் அவர் பேசிய விதத்தில் போனது. அவர் சத்தம் குறைத்து, உதட்டை அகல விரித்து, முகத்தாலும் கையாலும் பேசுவார். ஒரு சொல்லைப் பார்த்தே பிடித்துவிடலாம். அது அவருடைய அம்மா ஆனியிடமிருந்து வந்ததாம். ஆனி இங்கிலாந்தில் தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் காது கேட்காது. ஆகையால் ஆலைப் பெண்கள் உதட்டாலேயே ஊர் வம்பு முழுவதும் பேசி முடிப்பார்களாம். பிறகு தேவாலயத்திலும் போதகர் பேசப் பேச, இந்தப் பக்கத்து வரிசையிலிருந்து அந்தப் பக்கத்து வரிசைக்கு ஆனி சத்தமே இல்லாமல் சமையல் சொல்லிக்கொண்டிருப்பாராம்.

என்னை 'லவ்' என்று கூப்பிடுவார். எனக்கு முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. அது அவருடைய அம்மாவின் ஊரில் மீன் விற்கிறவர்கூடச் சொல்கிற சொல்தான் என்று துளசி விளக்கிய பிறகு பழகிவிட்டது. இப்போது சொல்லாவிட்டால் என்னமோ கோபம் போலிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அல்பேர்ட்

அவருடைய அப்பாவின் பெயர் அல்பேர்ட். இங்கிலாந்தின் வடக்கில், கோயில் கோபுரம் போல எங்கு பார்த்தாலும் ஆலைப் புகைபோக்கி நிற்கிற ஊரில் பிறந்தவர். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தது போன நூற்றாண்டு தொடங்கிய காலம். அங்கே பிள்ளைகள் அரை நாள் ஆலைக்கும் அரை நாள் பள்ளிக்கும் போவார்களாம். காலையில் அறுந்த நூலை முடிந்துவிட்டு, மத்தியானம் பள்ளி வாங்குப் பலகையில் இருந்தபடி நித்திரை கொள்வார்களாம். பாவம் என்று வாத்தியாரும் எழுப்ப மாட்டாராம்.

எனக்கும் ஐந்தாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. அம்மாவுக்கு உடம்பு ஏலாமல் போக, கைக்குழந்தை பவானியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அடுப்படிக்குப் போனேன். அல்பேர்ட்டின் படிப்பைக் கேட்டதிலிருந்து அவர் எனக்குச் சொந்தக்காரர் போல ஆகிவிட்டார்.

அவருக்கு இடது கால்தான் கை மாதிரி. உதைபந்தாட்டத்தில் இடது ஓரத்துக்கு ஆள் தேடிய ஊர்க் கிளப்காரர்கள் வீட்டுக்கே வந்து, சம்பளத்துக்கு விளையாட விடுவீர்களா என்று தாயிடம் கேட்டார்களாம். விளையாடுவதற்கு யார் சம்பளம் கொடுப்பான் என்று தாய்க்குச் சந்தேகம். நெடுநேரம் யோசித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். "சப்பாத்து தேய்ந்தால் யார் வாங்குவது?"

அந்தக் காலத்துப் பந்து தோலால் ஆனது. மழையில் நனைந்தால் கல்லுப் போலப் பாரம். அதன் வாயை வாரால் இறுக்கித் தைத்திருப்பார்கள். அந்தத் தையலில் நெற்றி பட்டால் தோல் கிழியும். அல்பேர்ட்டின் நெற்றியில் ஒரு பள்ளம் இருந்ததாம். மடியில் இருக்கும்போது ஐரீன் அதில் பட்டாணிக் கடலையை வைத்துப் பார்ப்பாராம், நிற்கிறதா என்று.

இளம் வயதில் அவருடைய அணி ஒரு கிண்ணம் வென்றது. பெரிய கிண்ணம் இல்லை, அந்த மாவட்டத்துக்கு உள்ளதுதான். மழையில் நடந்த ஆட்டம். அல்பேர்ட் ஓரத்தால் கொண்டுபோய்க் கொடுத்த பந்தை நடுவில் நின்றவர் அடித்தார். பத்திரிகையில் அடித்தவரின் பெயர் வந்தது. அல்பேர்ட்டுக்கு மற்றவர்களைப் போலவே ஒரு பொன் பதக்கம் கிடைத்தது, பின்பக்கம் பெயர் வெட்டி.

குடியிருந்தது கிளப் கொடுத்த வீட்டில். முதல் உலக யுத்தத்துக்குப் போய் வந்து, இன்னும் சில வருடம் ஓடி, முழங்கால் போனதும், ஒரு வசந்த காலத்தில் இனி வேண்டாம் என்றார்கள். ஆள் வேண்டாம் என்றால் வீட்டையும் விட வேண்டும். அவருக்குப் பதிலாகக் கிளப் புதிதாக வாங்கிய இடது ஓரக்காரர் வண்டியில் சாமானோடு வாசலில் நின்றாராம். ஆனி திரைச்சீலைகளைக் கழற்றி மடித்தார். பிறகு அந்த ஆளின் மனைவி கர்ப்பிணி என்று கண்டு, அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வெளிக்கிட்டாராம்.

நியூ ஜெர்சியில் இந்த நூல் ஆலை தனக்கென்று ஒரு அணி வைத்திருந்தது. பேர் எடுத்த ஆட்களுக்கு ஆலையில் வேலை கொடுத்துக் கூப்பிட்டது. இரண்டு மகன்மாரோடு கப்பல் ஏறினார்கள். கிழமை நாளில் சாயப் பட்டறை, சனிக்கிழமை மைதானம். கையில் ஏறிய நீலம் கழுவினாலும் போகாது. பந்தை எறிய அவர் கையைத் தூக்கினால் சனம் சிரிக்குமாம்.

மகன்மார் இருவரும் அமெரிக்கர்களாகி பேஸ்பால் விளையாடப் போய்விட்டார்கள். அல்பேர்ட் ஒரு ஆட்டம் விடாமல் போய்ப் பார்ப்பாராம். ஒன்றும் விளங்காது. பக்கத்தில் இருக்கிறவர் கை தட்டினால் தானும் தட்டுவார். எனக்கும் துளசியின் பள்ளி நாடகங்கள் அப்படித்தான்.

ஐரீன் அவர்களுக்கு வயது போன காலத்தில் பிறந்தவர். அப்போது ஆலை அணியைக் கலைத்துவிட்டார்கள். அப்பா ஓடியதை அவர் பார்த்ததே இல்லை. சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பியை, கோப்பைகளை, கரண்டிகளை ஆட்களாக நிறுத்தி அவர் ஓட்டிக் காட்டியதைத்தான் பார்த்திருக்கிறார்.

மூடிய கை

கடைசிக் காலத்தில் அல்பேர்ட்டுக்கு மறதி வந்தது. பாரமான பந்தைத் தலையால் அடித்ததால் என்று இப்போது சொல்கிறார்களாம். அப்போது யாருக்குத் தெரியும்? ஆனியைப் பார்த்து, நீங்கள் எந்தத் தெரு என்று கேட்பார். சாப்பிட்டதை மறந்து சாப்பாடு கேட்டு அழுவார்.

அப்படியான நேரத்தில் ஐரீன் பதக்கத்தை எடுத்து அவர் கையில் வைப்பாராம். கை மூடிக்கொள்ளும். பெருவிரல் பின்பக்கத்தைத் தேய்க்கத் தொடங்கும். அழுகை நிற்கும். தேய்த்துத் தேய்த்து வெட்டியிருந்த பெயர் வழுவழுப்பாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐரீன் அதை என் கையில் தந்து, என் பெருவிரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். சின்னக் குழி. என் விரல் சரியாகப் பொருந்தவில்லை. அல்பேர்ட்டுடையது பெரிய விரல்.

அந்தப் பதக்கம்தான் இப்போது கராஜில், வெற்றிலையின் மேல் இருந்தது. பத்தர் குறடு எடுத்துவிட்டார்.

நல்ல நேரம் போகிறது

தில்லைநாதன்தான் முதலில் சமாளிக்கப் பார்த்தார். மருந்துக் கம்பெனியில் பலரோடு பேசிப் பழகியவர். பதக்கத்தைக் குனிந்து பார்த்து, மிகவும் அருமை ஆன்ரி, ஆனால் இதன் கரட், பொன்னின் தரம், தாலிக்குக் காணாது என்றார்.

ஐரீனின் முகம் சிவந்தது. எங்கள் வீட்டில் உள்ள பொன் இவ்வளவுதான் என்றார்.

உடனே பவானி கைப்பையிலிருந்து பவுன் காசை எடுத்து நீட்டிவிட்டாள். நல்லது செய்வதாக நினைத்துச் செய்தாள். ஐரீன் காசைப் பார்த்தார், அது இருந்த வெல்வெட் பெட்டியைப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் இருக்காது என்று முதலே முடிவு செய்துவிட்டுத்தானா வந்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் தாம்பாளத்தைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

டேனியல் அவர் தோளில் கை வைத்தார்.

"நல்ல நேரம் போகுது" என்றார் பத்தர்.

நான் பின்னால், புல் வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். நான் கல்யாணம் முடிக்காதவள். மங்கல காரியம் நடக்கும்போது அடுப்படியிலோ மூலையிலோ நிற்பேன். போ என்று ஒருவரும் சொன்னதில்லை. நானாகப் பழகிக்கொண்டது.

ஐரீன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். சத்தம் இல்லாமல் உதட்டால் கேட்டார். நான் பிழையாகச் செய்துவிட்டேனா?

என் வாய் எப்படித் திறந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"பவானி, நில்லு. நான் சொல்லுறதை அவவுக்கு இங்கிலீசில சொல்லு."

"அக்கா, எல்லாருக்கும் முன்னால என்ன இது."

"எல்லாருக்கும் முன்னாலதானே அவவை வெக்கப்படுத்தினனாங்கள். சொல்லு. அவவிட்ட ஒண்டும் இல்லையெண்டு காசு வாங்கேல்லை. கேக்க எங்களுக்குக் கூச்சம். அதுதான் சங்கதி. கரட் எண்டதும் சும்மா சொன்ன சாட்டு."

தில்லைநாதன் காஸ் அடுப்பைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார். பவானி சொன்னாள். சொல்லும்போது அவள் காது சிவந்தது. துளசி பார்ப்பதற்காகப் பவானிதான் பத்தருக்கு முன்னால் முக்காலியில் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். மாப்பிள்ளையின் முகம் தெரியாமல் குவளை மட்டும் தெரிகிற மாதிரி. அதற்குள்ளிருந்து துளசியின் குரல் வந்தது.

"வெயிட், இஸ் தட் பெரியம்மா?"

"நீ பேசாம இரு பிள்ளை" என்றேன். "பவானி, இன்னும் இருக்கு. எனக்கு இதை உருக்க மனம் வரேல்லை. இதில அவவின்ர அப்பாவின்ர விரல் கிடக்கு. நாங்கள் கேட்டது பொன். ஆளை இல்லை."

பவானி இதைச் சொல்லத் தொடங்கி, நடுவில் நின்று, மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொல்லி முடித்தாள்.

ஐரீன் பதக்கத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு பேசினார். இந்த முறை சத்தமாக. அவர் சொன்னது எனக்குப் பவானி இல்லாமலே விளங்கியது. என் தமிழில் தருகிறேன்.

"பெயரை அப்பாவே அழித்துவிட்டார். உருக்குவதற்கு அது மிச்சம் இல்லை. அவர் ஓரக்காரர், லவ். பந்தைத் தன்னிடம் வைத்திருக்கிற வேலை அவருக்கு இல்லை. கொண்டு ஓட வேண்டும். யார் நல்ல இடத்தில் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பார்த்ததும் கொடுத்துவிட வேண்டும். நான் இதைக் காலுக்குள் வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் நின்றுவிட்டேன். என் மகளுக்குக் கொடுக்கலாம் என்று இருந்தேன். அவள் நிற்கவில்லை. இப்போது ஒருத்தி நல்ல இடத்தில் நிற்கிறாள்."

முக்காலியில் இருந்த போன் பக்கம் திரும்பினேன். துளசி அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சின்னதிலிருந்தே சத்தம் வராமல் அழுகிறவள்.

நான் பத்தரைப் பார்த்தேன். அவர் குறடால் தலையைச் சொறிந்தார்.

"காசையும் பதக்கத்தையும் சேர்த்து உருக்குவம் அம்மா. தாலிக்குச் சரியா வரும்" என்றார்.

ஐரீன் பதக்கத்தை நீட்டினார், இடது கையால். வலது கையால் கொடுக்க வேண்டும் என்று பவானி இரண்டு தரம் பழக்கிவிட்டிருந்தாள். அவள் வாய் திறந்தது. என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டது.

நெருப்பு நீலமாக விழுந்தது. பதக்கத்தின் விளிம்பு முதலில் மினுங்கியது. பிறகு அதில் இருந்த பூ வேலைப்பாடு நனைந்தது போல ஆயிற்று. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து காசோடு சேர்ந்துகொண்டது. ஐரீன் கண்ணை மூடவில்லை. நான்தான் மூடினேன். திறந்தபோது குவளைக்குள் சூரியன் போல ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது.

ஆறிய பிறகு பத்தர் அதைத் தண்ணீரில் கழுவி வெற்றிலையின் மேல் வைத்தார். என்ன வடிவத்தில் வந்திருக்கிறது என்று பெரியவர்கள் பார்ப்பது வழக்கம். சங்கு என்பார்கள், பூ என்பார்கள், சும்மாவும் சொல்வார்கள். இது உருண்டையாக இருந்தது. உருக்கிய பொன் அப்படித்தான் வரும். ஆனால் ஐரீனுக்கு அது தெரியாது. அவர் அதை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். டேனியலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர, நிறுத்த முடியாமல் சிரித்தார். டேனியலும் சிரித்தார். ஒரு குட்டிப் பந்து என்று விளங்கியதும் பத்தர்கூடச் சிரித்தார்.

தாம்பாளத்தைச் சபையில் எல்லோருக்கும் காட்ட வேண்டும். சுமங்கலிதான் கொண்டுபோவது. ஐரீனுக்கு அது எங்கே தெரியும்? அதைத் தூக்கிவந்து என் கையில் வைத்துவிட்டார்.

நான் பவானியைத் தேடினேன். அவள் பக்கத்தில் வந்து, என் சேலைத் தலைப்பைத் தோளில் சரியாக இழுத்துவிட்டாள்.

"கொண்டு போங்கோ அக்கா" என்றாள்.

நான் ஓர் அடி வைத்தேன். உருண்டை வெற்றிலையின் நரம்பில் ஏறி அங்கும் இங்கும் அசைந்தது. நான் பயத்தில் தாம்பாளத்தை நெஞ்சுக்கு உயர்த்தினேன்.

"தாழ்த்திப் பிடி, லவ்" என்றார் ஐரீன். "பந்து உயர்ந்தால் காற்று கொண்டுபோய்விடும் என்று அப்பா சொல்லுவார்."

இடுப்பு வரைக்கும் தாழ்த்தினேன். கராஜின் ஓரத்தால், சுவரை ஒட்டி, ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்கப் பார்க்கச் சுற்றி வந்தேன். முடியும் வரைக்கும் அது வெற்றிலையை விட்டு வெளியே போகவில்லை.